ஐந்து பெயர்களும் ஆறு பெயர்களும்: ஈஸ்ட் வழித் தடுப்பூசியில் ஆலோசகர்களின் இடம்

மெர்க் நிறுவனத்தின் தடுப்பூசிப் பணியை 1895 முதல் 1995 வரை தொடர்ந்து ஆராய்ந்த லூயி கலம்போஸ், ஜேன் எலியட் சூயல் இருவரின் 'நெட்வொர்க்ஸ் ஆஃப் இன்னோவேஷன்' (1995) இத்துறையில் தவிர்க்க முடியாத நூல். பல்கலைக்கழகம், அரசு, மருத்துவ உலகம் ஆகியவற்றோடு ஒரு நிறுவனம் காலந்தோறும் பின்னிக்கொள்ளும் வலைப்பின்னலே அதன் புத்தாக்கத்துக்கு ஊற்று என்பது நூலின் வாதம். ஒரு வலை தளரும்போது அடுத்ததற்குத் தாவத் தெரிந்த தலைமை வேண்டும் என்பது அதன் கிளை. மரபணு மாற்றிய ஈஸ்ட்டில் இருந்து வந்த ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் அதில் அப்படித்தான் அமைகிறது: உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்து 1975இல் மெர்க்குக்கு வந்த ராய் வேஜலோஸ், சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரட்டரோடு உறவு ஏற்படுத்தினார், வலை விரிந்தது, தடுப்பூசி கிடைத்தது.

இந்த வாசிப்பை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. 'வலை' என்ற உருவகம் எல்லா முடிச்சுகளையும் ஒரே கயிற்றால் போட்டதாகக் காட்டுகிறது. யார் எந்த முடிச்சைப் போட்டார், எந்தக் கட்டத்தில் கைவிட்டார் என்பது அதில் மறைந்துபோகிறது. நூலாசிரியர்கள் நிறுவனத்தின் வாசலில் நின்று பார்க்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் ரட்டர் உள்ளே வரும் விருந்தாளி. அவருடைய பக்கத்தில் நின்று பார்த்தால் மெர்க்தான் விருந்தாளி. வேஜலோஸின் தொலைநோக்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தொலைநோக்கு ஆளைத் தேடித் தரும். எந்த உயிரியில் மரபணுவை ஏற்றுவது என்ற முடிவை அது தந்துவிடாது. அந்த முடிவில்தான் தடுப்பூசியின் விதி இருந்தது.

இதற்கு நான் சான்றாக வைப்பது, ஈஸ்ட்டில் வைரஸ் புரதத் துகளை உண்டாக்கியதை அறிவித்து 'நேச்சர்' இதழில் 1982இல் வந்த நான்கு பக்கக் கட்டுரை. அதன் முடிவுகளைப் பலரும் எடுத்தாண்டிருக்கிறார்கள். அதன் தலையில் இருக்கும் பெயர் வரிசையை, கல்வெட்டின் இறுதியில் வரும் கையெழுத்துகளைப் படிப்பதுபோல் நிறுத்திப் படிக்க வேண்டும் என்கிறேன். வலென்சுவேலா, மெதினா, ரட்டர், ஆமெரர், ஹால் என ஐந்து பெயர்கள். முதல் மூவர் கலிஃபோர்னியக் குழு; பின் இருவர் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக மரபியலாளர்கள். உயிரியல் கட்டுரைகளில் ஆய்வகத் தலைவரின் பெயர் பெரும்பாலும் கடைசியில் நிற்கும். இங்கே ரட்டர் நடுவில் நிற்கிறார், பெஞ்சமின் ஹால் கடைசியில். ஒரு பட்டியலுக்குள் இரண்டு பட்டியல்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒட்டிய தையல் கண்ணுக்குத் தெரிகிறது.

மெர்க்கைச் சேர்ந்த ஒருவர் பெயரும் அதில் இல்லை. ஈஸ்ட் தடுப்பூசி பற்றி 1984இல் அதே இதழில் வந்த அடுத்த கட்டுரையில் மெக்கலியர் தொடங்கி மாரிஸ் ஹில்லமன் வரை ஆறு பெயர்கள், அத்தனையும் மெர்க். ஐந்துக்கும் ஆறுக்கும் பொதுவாக ஒரு பெயர்கூட இல்லை! ஒரே வலையென்றால் ஒரு கண்ணியாவது இரண்டிலும் தென்பட வேண்டாமா? பெயர் வரிசை எல்லா உழைப்பையும் சொல்லாது என்பது நியாயமான மறுப்பு. ஆனாலும் யார் எதற்குப் பொறுப்பேற்றார்கள் என்பதை அது சொல்கிறது.

ஹாலின் இடம் ஏன் முக்கியம்? ஹெபடைடிஸ் பி வைரஸ் ஆய்வகத்தில் வளர மறுத்தது. எனவே 1981இல் உரிமம் பெற்ற முதல் தடுப்பூசிக்கு, நோய்க்கிருமியை நெடுங்காலம் சுமந்தவர்களின் பிளாஸ்மாவில் இருந்து மேற்பரப்பு ஆன்டிஜென் என்ற வைரஸ் புரதத்தைப் பிரித்து, பெப்சின், யூரியா, ஃபார்மலின் என மூன்று முறை சுத்திகரித்தார்கள். இந்தப் புரதத்தின் மரபணுவைக் கையில் எடுத்த ரட்டர் குழு முதலில் ஈ.கோலை பாக்டீரியாவைத்தான் நாடியது. அது பற்றிய கட்டுரை 1981இல் வந்தது. புரதம் உண்டானது, ஆனால் ரத்தத்தில் காணப்படும் 22 நானோமீட்டர் துகளாக அது உருண்டு திரளவில்லை. உடலின் எதிர்ப்பாற்றலை நன்றாகத் தூண்டுவது அந்தத் துகள் வடிவமே. ஹாலும் ஆமெரரும் கொண்டுவந்தது ஈஸ்ட்டின் ஆல்கஹால் டீஹைட்ரோஜினேஸ் மரபணுவின் முடுக்கி, அதாவது மரபணுவை இயங்கவைக்கும் பகுதி. அதன் பின்னால் வைரஸ் மரபணுவை வைத்தபோது ஈஸ்ட்டில் இருந்து துகள் கிடைத்தது. 1982 கட்டுரையின் தலைப்பில் 'உற்பத்தி' என்பதோடு 'திரளல்' என்ற சொல்லும் சேர்ந்திருப்பது தற்செயல் அல்ல.

கலம்போஸ், சூயல் வாதத்துக்கு வலுவான இடமும் உண்டு; அது இதற்குப் பிறகு வருகிறது. 1984 பட்டியலில் நான்காவதாக நிற்கும் வாம்ப்ளரும் உடன் பணியாற்றியோரும் மறு ஆண்டு வெளியிட்ட ஆய்வு, ஈஸ்ட் தந்த துகளில் புரதங்கள் தளர்வாகவே ஒட்டியிருந்ததையும், தயோசயனேட் கரைசலில் ஊறவைத்ததும் அவற்றுக்கிடையே டைசல்ஃபைடு பிணைப்புகள் முழுமையாக இறுகியதையும் காட்டியது. ஆய்வகத் துகளைத் தடுப்பூசியாக்கியது இந்த வேலை. இதை மெர்க் செய்தது, வெளியில் இருந்த ஆலோசகர்களான ரட்டரும் ஹாலும் அல்ல. 1986 ஜூலையில் அமெரிக்க உரிமம் கிடைத்ததில் அதன் பங்கு பெரிது.

மிஞ்சுவது ஒரு தேதிச் சிக்கல். ரட்டர், வலென்சுவேலா, எட்வர்டு பென்ஹோட் மூவரும் கைரான் நிறுவனத்தைத் தொடங்கியது 1981இல். ஈ.கோலையை விட்டு ஈஸ்ட்டுக்கு மாறும் முடிவு அதற்கு முந்தியதா, பிந்தியதா? முந்தியதென்றால் அது இரண்டு பல்கலைக்கழக ஆய்வகங்கள் கைகோத்த செயல். பிந்தியதென்றால் ஒரு புதிய நிறுவனத்தின் முதல் பந்தயம். முந்தியது என்றே நான் கருதுகிறேன். கைரானைத் தொடங்கிய மூவரில் ஹால் இல்லை. நிறுவனம் தன் தேவைக்கு அமர்த்திய ஒருவருக்குப் பெயர் வரிசையின் கடைசி இடத்தை விட்டுக்கொடுப்பதைவிட, இணையான இரண்டு ஆய்வகங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதே இயல்பு. சான்று மெலிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அச்சான கட்டுரைகள் ஒரு வேலை எப்போது முடிந்தது என்பதற்கே சாட்சி, எப்போது தொடங்கியது என்பதற்கு அல்ல. சியாட்டிலில் இருந்து முடுக்கி சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்து சேர்ந்த நாளை, அந்த நாளின் ஆய்வகக் குறிப்பேடுதான் சொல்ல முடியும்.