கேட்கப்படாத பெண்

ஒதியம்பட்டிலிருந்து அரிக்கமேடு வெகு தூரமில்லை. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. யவனரும் தமிழரும் சரக்கு மாற்றிக்கொண்ட கரை அது. பெண்ணை வைத்து மானத்தை அளக்கும் வழக்கத்தை மட்டும் யாரும் யாரிடமும் வாங்க வேண்டியிருக்கவில்லை. இரு தரப்பிலும் அது ஏற்கெனவே இருந்தது.

ஹோமரின் இலியட் என்றால் ஹெலன் நினைவுக்கு வருவாள். ஆனால் காவியம் தொடங்கும் சண்டை பிரிசெயிஸைப் பற்றியது. அவள் கணவனையும் மூன்று சகோதரர்களையும் போரில் கொன்ற தரப்பு, அவளை அக்கிலீஸுக்குப் பரிசாகக் கொடுத்தது. அகமெம்னான் அவளைப் பிடுங்கிக்கொள்கிறான். தன் மதிப்பு போயிற்றென்று அக்கிலீஸ் போரிட மறுக்கிறான்.

நம்மிடம் இதற்கு மகட்பாற்காஞ்சி என்றொரு துறையே உண்டு. முதுகுடியில் வேந்தன் பெண் கேட்கிறான். தந்தையும் தமையன்மாரும் மறுக்கிறார்கள். ஊர் அழியப்போகிறது. புறநானூறு 336இல் பரணர் பழிப்பது வேந்தனை அல்ல, இத்தனை அழகாக மகளை வளர்த்த தாயை.

பிரிசெயிஸுக்காவது பத்தொன்பதாம் காண்டத்தில் வாய் திறக்கிறது. பட்ரோக்ளஸின் உடல்மேல் விழுந்து தன் இழப்புகளைச் சொல்லி அழுகிறாள். சூழ நின்ற பெண்களும் அவனைச் சாக்கிட்டு அவரவர் துயரத்தை அழுகிறார்கள். நம் இழவு வீட்டு ஒப்பாரியும் அப்படித்தானே? காஞ்சிப் பாட்டின் மகளுக்கு அந்த ஒப்பாரியும் இல்லை. கொடுப்பதா மறுப்பதா என்று ஆண்கள் வாள் எடுக்கிறார்கள். உனக்கு யார் வேண்டும் என்று ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

குடும்ப மானம் என்று இன்றும் அரிவாள் எடுக்கும் வீடுகளில் கேட்கப்படாமல் இருப்பதும் அதே கேள்விதான்.