காங்கேசன்துறை: வீதி முடியும் இடத்தில் ஒரு கடற்கரைப் பட்டினம்

யாழ்ப்பாணத்தில் பலரும் நாள்தோறும் உச்சரிக்கும் ஊர்ப்பெயர் காங்கேசன்துறை. மருதனார்மடத்துச் சந்தையில் வெங்காயம் விற்பவரும், இராமநாதன் கல்லூரிக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுபவரும், கொக்குவிலிலும் சுன்னாகத்திலும் கடை வைத்திருப்பவரும் தம் முகவரியில் 'கே.கே.எஸ். வீதி' என்றே எழுதுகிறார்கள். ஆனால் அந்த வீதி எந்த ஊரை நோக்கிப் போகிறதோ, அந்த ஊருக்குள் கால் நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் போக முடியவில்லை. பெயர் மட்டும் வழியெங்கும் பலகைகளில் இருந்தது. ஒரு வீதி தன் முடிவை இழந்து இத்தனை காலம் கிடந்ததற்கு நம் நாட்டில் வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மருதனார்மடத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர். சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம், பிறகு கடல். மருதனார்மடத்தின் பெயரிலேயே 'மடம்' இருக்கிறது. வழிப்போக்கர் தங்கிச் செல்ல மடங்கள் இருந்த பாதைகள் யாழ்ப்பாணத்தில் பல. துறைமுகத்துக்குச் செல்லும் இந்தப் பாதையில் ஒரு மடம் இருந்ததில் வியப்பில்லை.

காங்கேசன்துறை என்ற பெயருக்குச் சொல்லப்படும் கதை சுவையானது. குதிரை முகத்தோடு துன்புற்ற மாருதப்புரவீகவல்லி என்ற சோழ இளவரசி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அந்த முகம் நீங்கப்பெற்றாள். அது நடந்த இடம் 'மா விட்ட புரம்' ஆயிற்று. அவள் எழுப்பிய முருகன் கோயிலுக்கு இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த காங்கேயன் திருவுருவம் இறங்கிய துறை காங்கேயன்துறை ஆயிற்று என்பது மரபு. அதற்கு முன்பு அது கயாத்துறை என்று அழைக்கப்பட்டதாம். இளவரசியின் கதையை ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையிலும் காணலாம். இதனை வரலாறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஓர் ஊர் தன்னைப் பற்றிச் சொல்லும் கதையில் கப்பலும் கடல்வழி வந்த விருந்தாளியும் இருப்பது அந்த ஊரின் தொழிலைக் காட்டிவிடுகிறது.

அதே வைபவமாலைதான் காயல்பட்டினம் முதலிய இடங்களிலிருந்து வந்த சோனகர் உசன், மிருசுவில் பகுதிகளில் குடியேறியதையும், பின்னர் நல்லூருக்கு வந்ததையும், அங்கிருந்தும் பெயர நேர்ந்ததையும் கூறுகிறது. நம்மவர் வரலாற்றைத் தேடுவோர் அந்தப் பகுதியை மட்டும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். முழுவதையும் வாசித்தால்தான் யாழ்ப்பாணத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர், எந்தச் சமயத்தவராயினும், கடலால் வந்தவர்களே என்பது புலப்படும்.

இந்த வடகரை முழுவதுமே துறைகளால் ஆனது. காங்கேசன்துறைக்கு மேற்கே மாதகல் அருகிலுள்ள சம்பில்துறைதான், சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்திறங்கியதாக மகாவம்சம் கூறும் ஜம்புகோளப்பட்டினம் என்பர். தீவுப்பக்கம் ஊர்காவற்றுறை. அதன் பழம்பெயர் ஊராத்துறை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் பொறித்த கல்வெட்டொன்று நயினாதீவில் இருக்கிறது. பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களைக் காக்க வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு கூறு மட்டும் அரசுக்கு, மூன்று கூறு உடையவனுக்கு. வேறு வணிகச் சரக்கு ஏற்றிய கலமாயின் செம்பாதி. பொலன்னறுவையில் இருந்த சிங்கள மன்னன், வடகடலில் வந்திறங்கும் அந்நிய வணிகருக்காகத் தமிழில் சட்டம் எழுதினான். பேராசிரியர் கா. இந்திரபாலா இக்கல்வெட்டை ஆராய்ந்து 1963இல் கட்டுரை வெளியிட்டார். பள்ளிக்கூடப் புத்தகங்களில் இது போதிய இடம் பெறவில்லை என்பது என் மனக்குறை.

காங்கேசன்துறை நவீனப் பட்டினமானது ஆங்கிலேயர் காலத்தில்தான். வெளிச்சவீடு 1893இல் எழுந்தது. 1902 மார்ச் 11ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. தெற்கோடு தொடர்பேதும் இல்லாத, தனித்த ஒரு துண்டு அது. கொழும்பிலிருந்து வந்த பாதை அதனோடு வந்து பொருந்த 1905 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, வடபகுதி இரயிலின் கதை கொழும்பில் தொடங்கி இங்கே முடியவில்லை. ஒரு முனை இங்கேயே தொடங்கியது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது அதன் கடைசித் தரிப்பிடமும் இதுவே.

பிறகு சீமெந்து. நாட்டின் முதலாவது சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலம் அது. யாழ்ப்பாணக் குடாநாடே ஒரு சுண்ணாம்புப் பாறை. கல்லுக்குத் தூரம் போக வேண்டியதில்லை. களிமண் மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து இரயிலில் வந்தது. துறைமுகம் பக்கத்தில், இருப்புப்பாதை வாசலில். நாட்டின் எந்த மூலையிலோ எழும்பிய வீட்டுச் சுவருக்குள்ளும் பாலத்துக்குள்ளும் வலிகாமத்துக் கல் தூளாகிக் கலந்திருக்கிறது. அதற்கான விலையும் இருந்தது. கல் தோண்டிய பள்ளங்கள் இன்றும் வாய்பிளந்து கிடக்கின்றன. ஆறே இல்லாத குடாநாட்டுக்குச் சுண்ணாம்புப் பாறைதான் தண்ணீர்த் தொட்டி. அதை வெட்டி விற்றுக்கொண்டே நன்னீரைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் நாம். ஆலையைத் திரும்பத் திறப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் வேலைவாய்ப்பைச் சொல்பவர்களையும் கிணற்றைச் சொல்பவர்களையும் ஒருசேரக் கேட்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது.

அந்தப் பாறையின் அற்புதத்தைப் பார்க்க விரும்புவோர் கீரிமலைக்குப் போக வேண்டும். துறையிலிருந்து மேற்கே சிறு தூரம். அலை வந்து மோதும் மதிலுக்கு இப்பால் ஒரு கேணி, அதில் நன்னீர். மழைநீர் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்தடியால் ஓடி, கடலோரத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. விளக்கம் இவ்வளவுதான். ஆனாலும் ஒரு பக்கம் உப்பும் மறுபக்கம் நன்னீருமாக இருக்கும் அந்த மதிலருகே நிற்கும்போது, இரு கடல்களுக்கிடையே தடுப்பை வைத்த இறைவனைப் பற்றிய திருமறைக் கருத்து என் நினைவுக்கு வராமல் போனதில்லை. ஆடி அமாவாசையில் இந்துக்கள் தம் பிதிர்களுக்குக் கடன் கழிக்கும் இடம் இது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு கேணிகள். சிறுவர்கள் மதிலில் ஏறிக் குதிப்பதை யாரும் தடுத்ததாக நான் காணவில்லை.

அரசியலிலும் இந்த ஊருக்குத் தனி இடம் உண்டு. காங்கேசன்துறைத் தொகுதி 1947இல் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தைத் தெரிவு செய்தது, 1952இல் தோற்கடித்தது. வென்றவர் சு. நடேசன், மருதனார்மடத்தில் பெண்களுக்குக் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன். 1956இல் செல்வநாயகம் மீண்டார். 1972இல் பதவி துறந்து, 1975இல் இடைத்தேர்தலில் மறுபடி வென்றார். தமிழர் உரிமை பற்றிப் பேசிய இதே தொகுதியில்தான் 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் செல்ல முயன்ற ஒடுக்கப்பட்ட மக்கள் வாசலில் மறிக்கப்பட்டார்கள். மறித்தவர்களுக்கு முன்நின்றவர் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம். ஊரின் பெருமைகளை அடுக்குவோர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது.

1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது எல்லாம் நின்றது. யாழ்தேவி நின்றது. ஆலை நின்றது. வலிகாமம் வடக்கு மக்கள் கையிலெடுத்ததோடு தெற்கு நோக்கி நடந்தார்கள். நாளடைவில் அவர்களுடைய காணிகள் உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் முட்கம்பிக்குள் போயின. அவர்களில் பலருக்கு மருதனார்மடமும் சுன்னாகமும் மல்லாகமுமே நலன்புரி நிலையங்களாகவும் வாடகை வீடுகளாகவும் ஆகின.

நான்கு மாதங்கள் கழித்து, ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண நகரத்துச் சோனகத் தெருவிலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். ஒரே ஆண்டில், ஒரே குடாநாட்டில், இரண்டு வெறுமைகள். காரணமானவர்கள் வேறு, விதம் வேறு. இரண்டையும் சமப்படுத்த நான் வரவில்லை. ஆனால் காணி உறுதியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு இன்னொரு ஊரில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவரிடம் 'உங்கள் ஊர் எது' என்று கேட்டால் அவர் ஒரு கணம் தயங்குவார். அந்தத் தயக்கத்தைப் புத்தளத்து முகாம்களிலும் கேட்டிருக்கிறேன், மல்லாகத்திலும் கேட்டிருக்கிறேன். ஒரே தயக்கம்தான்.

2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது காங்கேசன்துறை விசித்திரமான முறையில் உயிர்த்தது. குடாநாட்டு மக்கள் திருகோணமலைக்குக் கப்பலேற இங்கே கொண்டுவரப்பட்டார்கள். சொந்த ஊரைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு பஸ் ஜன்னலூடாகப் பார்த்துக்கொண்டே கப்பலுக்குப் போனவர்களும் அவர்களிடையே உண்டு.

2009க்குப் பின் காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டன. இரயில் 2015 ஜனவரி 2ஆம் திகதி காங்கேசன்துறைக்குத் திரும்பியது. நடேஸ்வராக் கல்லூரி 2016இலும் மயிலிட்டித் துறைமுகம் 2017இலும் மக்களிடம் வந்தன. இந்த வரிசையில் ஒரு முரண் உண்டு. உரிமையாளர் பலர் வேலிக்கு வெளியே நின்ற காலத்திலேயே, உல்லாசப் பயணிகள் வேலிக்கு உள்ளே தங்கினார்கள். கடற்கரையில் இராணுவம் நடத்தும் விடுதிக்குத் 'தல் செவன' என்று பெயர். சிங்களத்தில் 'பனை நிழல்' என்று பொருள். அழகான பெயர்தான். அந்தப் பனைகளை நட்டவர்கள் யார் என்பதே கேள்வி. தையிட்டியில் தனியார் காணியில் விகாரை எழுந்ததை எதிர்த்து நடந்த போராட்டங்களும் இதே கேள்வியைத்தான் கேட்டன.

2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்திலிருந்து ஒரு பயணிகள் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. இடைவெளி ஏறக்குறைய 60 கடல்மைல். சுமார் நான்கு மணி நேரம். சில நாட்களிலேயே வாடைக்காற்றுக் காலம் வந்து சேவை நின்றது. 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. நாகூர் தர்கா நாகபட்டினத்திலிருந்து கூப்பிடு தூரம். கந்தூரிக்கு இலங்கையிலிருந்து கடல் கடந்து போன பெரியவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தக் கப்பலின் செய்தி பத்திரிகைச் செய்தியாக மட்டும் படவில்லை.

ஆனால் நாகையிலிருந்து வருவது பயணிகள் கப்பல் மட்டுமல்ல. எல்லை தாண்டி மடி இழுத்துப் பிடிபட்ட தமிழகத்து இழுவைப் படகுகள் கிழக்கே மயிலிட்டித் துறைமுகத்தில் கட்டிவைக்கப்பட்டுள்ளன. வெயிலில் வெடித்து, சில பாதி அமிழ்ந்து, தமிழில் எழுதிய பெயர்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. ஊர் திரும்பிய மயிலிட்டி மீனவர்கள் தம் படகுகளைக் கட்ட இடம் போதவில்லை என்று முறையிடுகிறார்கள்.