ஒரு வீட்டு வாத்தியாரும் ஒரு ஜாடித் தண்ணீரும்



பணியில் இருந்த காலத்தில் ஒருநாள், கரும்பலகையில் ஹைட்ரா படம் வரைந்து பாகம் குறித்துக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "டீச்சர், ஒரு வாய்தான் போட்டிருக்கீங்க. தின்னது எந்த வழியா வெளிய போவும்?" வகுப்பே கொல்லென்று சிரித்தது. கிண்டல் செய்கிறான் என்று நினைத்து, "உக்காருடா" என்று அதட்டிவிட்டேன். அதன்பிறகு அவன் என் வகுப்பில் கேள்வியே கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஹைட்ராவின் வரலாற்றைப் படித்தேன். அது எவ்வளவு நல்ல கேள்வி என்று அப்போதுதான் உறைத்தது.

1740ஆம் ஆண்டு. ஹாலந்தில் ஹேக் நகருக்கு அருகே பெண்டிங்க் பிரபுவின் மாளிகை. பிரபுவின் இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டோடு இருந்து பாடம் சொல்லிக்கொடுத்தவர் ஆபிரகாம் டிரெம்ப்ளே. ஜெனீவாக்காரர், வயது 30. ஜாடியில் பிடித்துவந்த நீரில், செடியோடு ஒட்டியபடி பச்சை நூல் போல ஏதோ இருப்பதைப் பார்த்தார். அதுவும் செடிதான் என்று முதலில் நினைத்தார். ஆனால் அது சுருங்கியது, நீண்டது, வெளிச்சம் வரும் பக்கம் நகர்ந்தது.

செடியா, விலங்கா? நவம்பர் 25 அன்று அதை இரண்டாக வெட்டினார். செடியானால் துளிர்க்கும், விலங்கானால் செத்துப்போகும் என்பது கணக்கு. இரண்டு துண்டுகளும் இரண்டு முழு உடல்களாக வளர்ந்துவிட்டன! அப்படியானால் செடியா? ஆனால் அதே உயிர் தன் மெல்லிய கைகளால் புழுவைப் பிடித்து விழுங்கியது. செரித்தது போக மிச்சத்தை அதே வாய் வழியாக வெளியே தள்ளியது. பாரிஸில் இருந்த அறிஞர் ரெயோமூரும், டிரெம்ப்ளே அனுப்பியவற்றைப் பார்த்துவிட்டு விலங்குதான் என்றார்.

டிரெம்ப்ளே அதோடு விடவில்லை. பன்றி மயிர் ஒன்றால் ஹைட்ராவின் அடிப்பகுதியை வாய் வழியாக வெளியே தள்ளி, தலையணை உறையைப் புரட்டுவது போல உடலையே புரட்டினார். அதற்குப் பிறகும் அது இரை தின்றது. தோல் வயிறாக மாறிவிட்டது என்று அவர் எண்ணினார். அந்த முடிவு சரியல்ல. புரட்டினாலும் உட்படலமும் வெளிப்படலமும் மறுபடி அதனதன் இடத்துக்கே வந்துவிடுகின்றன என்று பின்வந்தவர்கள் கண்டார்கள். ஆனாலும் உயிருள்ள ஒன்றை வைத்துச் சோதனை செய்து பார்க்கும் வழியை அவர் காட்டிவிட்டார். 1743இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்ளி பதக்கம் கொடுத்தது. மறு ஆண்டு அவருடைய நூல் வெளிவந்தது.

இனி என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். ஹைட்ராவின் உடல் ஒரு பை. பைக்குள் சுரக்கும் நீர் இரையைக் கரைக்கும். கரைந்த துணுக்குகளை உட்சுவர் செல்கள் விழுங்கி, தமக்குள்ளேயே செரித்துக்கொள்ளும். கடற்பஞ்சுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. உடல் துளைகள் வழியே ஓடும் நீரிலிருந்து செல்களே உணவைப் பிடித்துக்கொள்ளும். பிளனேரியா என்ற தட்டைப்புழுவுக்கும் ஒரே வாசல்தான். உணவைச் சுமந்து செல்ல அதற்கு ரத்தம் இல்லை. அதனால் குடலே மரக்கிளை போலப் பிரிந்து உடலெங்கும் போகிறது. நம் குடலில் ஒட்டியிருக்கும் நாடாப்புழுவுக்கோ குடலே கிடையாது. நாம் செரித்து வைத்ததைத் தோலாலேயே உறிஞ்சிக்கொள்ளும்.

மண்புழுவைப் பாருங்கள். ஒரு முனையில் வாய், மறுமுனையில் மலவாய். உள்ளே போவதும் வெளியே வருவதும் முட்டிக்கொள்வதில்லை. அதனால் தின்றுகொண்டே இருக்கலாம். சேர்த்துவைக்க ஓரிடம், அரைக்க அரைவைப்பை, செரிக்கக் குடல் என்று வேலையையும் பிரித்துக்கொள்ளலாம். அந்த இரண்டாவது வாசல்தான் பெரிய மாற்றம். நம் உடலும் அதே அமைப்புதான்.

இன்னொன்றும் உண்டு. ரஷ்ய அறிஞர் மெச்னிகாஃப் 1865இல் ஒரு தட்டைப்புழுவின் செல்கள் உணவை விழுங்கிச் செரிப்பதைக் கண்டார். பிறகு 1882இல் மெசினா நகரில், நட்சத்திர மீனின் இளம் உயிரிக்குள் முள்ளைச் செருகிப் பார்த்தார். நகரும் செல்கள் வந்து முள்ளைச் சூழ்ந்துகொண்டன. நம் வெள்ளையணுக்கள் கிருமிகளை விழுங்கி நம்மைக் காக்கின்றன என்ற அறிவு இப்படித்தான் வளர்ந்தது. 1908இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. தொடக்கம், ஒரு புழு எப்படிச் செரிக்கிறது என்ற கேள்விதான்.

டிரெம்ப்ளேயும் என்னைப் போல ஒரு வாத்தியார்தான். ஜாடியில் பார்த்த சின்ன விஷயத்தை அவர் அற்பமென்று ஒதுக்கவில்லை. நான் ஒரு பிள்ளையின் கேள்வியை ஒதுக்கிவிட்டேன்.

அந்த மாணவன் இதைப் படிக்க நேர்ந்தால்: தம்பி, அதே வாய் வழியாகத்தான் போகும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். டீச்சரை மன்னித்துவிடு.