எவரெஸ்ட்டுக்கு அனுமதிச் சீட்டு

எவரெஸ்ட் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு 1953 மே 29-ம் தேதியும், ஹில்லாரி, டென்சிங் என்ற இரண்டு பெயர்களும் நினைவுக்கு வரும். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது. முப்பத்தைந்து வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் என்பதாலோ என்னவோ, எனக்கு அந்த மலையில் ஏறின கதையைவிட, ஏறுவதற்கு அனுமதி வாங்கின கதையில்தான் ஆர்வம் அதிகம்.

மலை நேபாளத்துக்கும் திபெத்துக்கும் எல்லையில் நிற்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு நாடுகளுமே வெளியாரை லேசில் உள்ளே விடமாட்டார்கள். 1904-ல் யங்ஹஸ்பண்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி படையோடு லாசாவுக்குள் நுழைந்தார். அதே மனிதர் 1920-ல் லண்டன் ராயல் புவியியல் சங்கத்தின் தலைவர். இப்போது அதே திபெத்திடம் மலையேற அனுமதி வேண்டும்.

அனுமதி கிடைத்தது ஒரு பழைய சிநேகத்தால். 1910-ல் சீனப் படைக்குத் தப்பி டார்ஜிலிங் வந்த 13-வது தலாய் லாமாவைப் பரிவோடு கவனித்துக்கொண்டவர் சார்லஸ் பெல் என்ற அதிகாரி. அவர் 1920 கடைசியில் லாசாவுக்குப் போய்க் கேட்டார். தலாய் லாமா சம்மதித்தார். 1921-ல் முதல் குழு கிளம்பியது.

கெட்டுப்போனது 1924-ல். மல்லோரியும் இர்வினும் மலையில் காணாமல் போன வருஷம் அது. அந்தப் பயணத்தைப் படம் எடுத்தவர்கள், லண்டனில் காட்சிக்கு முன்னால் மேடையில் ஆடுவதற்கு ஏழு திபெத்தியத் துறவிகளை அழைத்து வந்தார்கள். கோயில் ஆட்டத்தைக் கொட்டகையில் ஆடவிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? லாசா கோபித்துக்கொண்டது. அடுத்த குழு போக 1933 ஆனது.

அனுமதி இல்லாமல் போனவர்களும் உண்டு. மாரிஸ் வில்சன் என்ற ஆங்கிலேயர் 1934-ல் திபெத்தியத் துறவி மாதிரி வேஷம் போட்டு டார்ஜிலிங்கிலிருந்து நடந்தே போய், மலையிலேயே உயிரை விட்டார். 1947-ல் ஏர்ல் டென்மன் என்பவர் ரகசியமாகப் புறப்பட்டபோது, அனுமதி இல்லை என்று தெரிந்தே கூடப் போனவர் நம் டென்சிங். அந்த மலைமேல் அவருக்கு அத்தனை ஆசை. அந்தத் தடவை உச்சிக்கு வெகு கீழேயே திரும்ப வேண்டியதாயிற்று.

1950-ல் சீனப்படை திபெத்துக்குள் வந்ததும் வடக்கு வாசல் வெளிநாட்டாருக்கு மூடிக்கொண்டது. நல்லவேளையாக, அதே சமயத்தில் நேபாளம் தெற்கு வாசலைத் திறந்தது. 1952-ம் வருஷம் முழுவதும் ஸ்விட்சர்லாந்துக்காரர்களுக்கு, 1953 பிரிட்டிஷாருக்கு, 1954 பிரெஞ்சுக்காரர்களுக்கு. 1952-ல் லம்பேர் என்ற ஸ்விஸ்காரரும் டென்சிங்கும் ஏறத்தாழ 8,600 மீட்டர் வரை போய்த் திரும்பினார்கள். இன்னும் சுமார் 250 மீட்டர்தான் பாக்கி. அது கைகூடியிருந்தால் நாம் மனப்பாடம் செய்த பெயர்களில் ஹில்லாரி இருந்திருக்க மாட்டார். மறுவருஷம் பிரிட்டிஷாரும் தோற்றிருந்தால், முறை பிரெஞ்சுக்காரர்களுக்குப் போயிருக்கும். இரண்டு தடவையும் டென்சிங் இருந்தார்.

நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள் காசு கட்டி அந்தப் பக்கம் நடக்கிற வழக்கத்தை, 1964-ல் காட்மாண்டுவில் ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி தொழிலாகவே தொடங்கினார். ஓய்வு பெற்ற பிறகு நானும் அந்த வழியில் நாம்சே பஜார் வரை நடந்தேன். இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம். விமானத்தில் போக வாக்காளர் அட்டையே போதும். சாகர்மாதா தேசியப் பூங்கா வாசலில் சார்க் நாட்டாருக்கு 1,500 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டாருக்கு 3,000. ரசீது எழுதிக் கொடுத்த ஷெர்பா பையன் என் பெயரைப் பிழையில்லாமல் எழுத மூன்று தரம் கேட்டான்.

அவன் தாத்தா காலத்தில் அந்த ஊர்க்காரர்களுக்குச் சுமை தூக்கும் வேலைதான் கிடைத்தது. மலைக்குப் போகலாமா கூடாதா என்பது லண்டனிலும் லாசாவிலும் காட்மாண்டுவிலும் முடிவானது. இன்று வாசலில் உட்கார்ந்து சீட்டு கொடுப்பவன் அந்த ஊர்ப் பையன். வரிசையில் அரை மணி நின்றது எனக்குச் சிரமமாகவே படவில்லை.