களி கொடுக்கலாமா, டீச்சர்?



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். உக்ரைனில் கார்கிவ் நகரில் மருத்துவம் படித்தவன். 2022 பிப்ரவரியில் போர் மூண்டபோது ஊர் திரும்பிய பிள்ளைகளில் ஒருவன். அவனோடு படித்த அந்த நாட்டுப் பெண் ஒகேனக்கல் பார்க்க வருகிறாளாம். பிரியாணி வேண்டாம், உங்கள் ஊர்ச் சாப்பாடுதான் வேண்டும் என்றாளாம். "களி கொடுக்கலாமா டீச்சர்? கேவலமா நினைச்சுக்க மாட்டாளே?" என்று கேட்டான்.

சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அவனுக்கு எழுத உட்கார்ந்தது நீண்டுவிட்டதால் எல்லோருக்குமாகப் போடுகிறேன்.

கேழ்வரகு நம் மண்ணில் பிறந்ததில்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. ஆப்பிரிக்காவின் எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலங்கள்தான் அதன் தாய்வீடு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே கடல் தாண்டி வந்துவிட்டது. உகாண்டாவில் இன்றும் இதே மாவைக் கிண்டி உருண்டையாக்கித் தின்கிறார்கள். அதற்கு அங்கே 'கலோ' என்று பெயர். (பெயர் ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு ஆப்பிரிக்கர் பேசியது தமிழே என்று யாரும் பதிவு போட வேண்டாம்!) கன்னடத்தில் முத்தே, தெலுங்கில் சங்கட்டி. நம் பாலக்கோட்டுச் சந்தையில் மூன்று பெயரையும் கேட்கலாம்.

களி கிண்டுவது லேசான வேலையில்லை. உலை கொதித்ததும் ஒரு பிடி நொய்யைப் போட்டு வேகவிட வேண்டும். பிறகு மாவை நடுவில் மலைபோலக் குவித்து, துடுப்பால் ஒரு குழி குத்திவிட்டு, கை வைக்காமல் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுக் கிளறினால் கட்டி தட்டும். மாவு வெந்த வாசனை வந்தபிறகு பானையை இறக்கி, கவைக்குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கிண்டுவார் என் அம்மா. தோள் கழன்று போகும். கையை நனைத்து உருட்டி, சுடச்சுடத் தட்டில் போட்டு, நடுவில் குழி செய்து கொள்ளுக் கடைசலோ, கீரையோ, மார்கழியில் அவரைக்கொட்டைக் குழம்போ ஊற்றுவார். மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். தம்பி, இதை அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. மென்றால் பல்லில் ஒட்டி, களியின் மானம் போய்விடும்.

இந்தத் தானியத்தின் பெரிய குணம், கெடாமல் கிடப்பது. குதிரிலும் மண்குழியிலும் கொட்டி மூடினால் பூச்சி அண்டாமல் பல வருஷம் இருக்கும். மழை பொய்க்கும் சீமைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருஷப் பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம், அதாவது நாமும் சேர்ந்ததுதான், கடுமையாக அடிபட்டது. ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோதே துறைமுகங்களிலிருந்து தானியம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. உக்ரைனுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1932-33இல் ஸ்டாலின் அரசு விளைந்த தானியத்தை வழித்தெடுத்துப் போனதில் பல லட்சம் பேர் பட்டினியால் இறந்தார்கள். கறுப்பு மண் பூமி, கோதுமை கொழிக்கும் நாடு அது. அங்கே வீட்டுக்கு வீடு நிலவறை வைத்து உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் ஊறவைத்த வெள்ளரியும் சேர்த்து வைப்பார்களாம். குண்டு விழுந்த நாட்களில் இவன் பதுங்கியிருந்தது இந்தப் பெண் வீட்டு நிலவறையில்தான். அவள் பாட்டி கொடுத்த 'போர்ஷ்' என்ற பீட்ரூட் சூப்தான் பத்து நாள் உயிர் காத்தது என்கிறான்.

அந்தப் போர்ஷில் இன்று தக்காளியும் சேர்க்கிறார்கள். தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, அவர்களிடம் பிந்தி வந்தது. அதற்கு முன் பீட்ரூட்டைப் புளிக்கவைத்த நீர்தான் புளிப்பு. நமக்குப் புளியமரம் இருந்தது. இன்று பாலக்கோடு என்றாலே தக்காளி மண்டி என்கிறார்கள். விலை விழுந்தால் கூடை கூடையாக ரோட்டோரம் கொட்டுவதையும் பார்க்கிறோம். என் அம்மாவின் குழம்பில் தக்காளி அபூர்வம்.

குடிக்க என்ன கொடுப்பது? கள் கிடையாது. தகடூரை ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புலம்பலில் முதலில் வருவதே கள்தான். கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்று அழுகிறார். அவன் நடுகல்லுக்கும் கள்ளைத்தான் படைத்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில், இந்தியாவிலேயே முதன்முதலாக மதுவிலக்கு வந்தது. ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கி வைத்தார். அதனால் கூழ் கொடு. மாவை முந்தின இரவே கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சி, மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு. அவர்கள் ரை ரொட்டியைப் புளிக்கவைத்து 'க்வாஸ்' குடிப்பவர்கள். புளித்த வாடைக்கு முகம் சுளிக்க மாட்டார்கள். ஒரு டம்ளர் கரும்புச்சாறும் கொடு. அதியமானின் முன்னோர்தான் இங்கே கரும்பைக் கொண்டுவந்தார்கள் என்று புறநானூற்றின் 99ஆம் பாட்டு சொல்கிறது. நம் கூட்டுறவு சர்க்கரை ஆலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும்.

களி எப்போது கேவலமானது? எங்கள் சிறுவயதில் அரிசிச்சோறு தீபாவளி, பொங்கலுக்குத்தான். பள்ளிக்கூடத்தில் அமெரிக்கக் கோதுமை உப்புமா. 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய், 2011இல் இலவசம். பசி தீர்ந்தது, அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் அரிசி கௌரவமாகி, களி ஏழ்மையின் அடையாளமாகத் தங்கிவிட்டது. இப்போது காலம் திரும்புகிறது. 2022 ஜூலையில் யுனெஸ்கோ உக்ரைனின் போர்ஷ் சமைக்கும் மரபை அவசரமாகக் காக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுப்பதை நம் அரசு முதலில் தொடங்கியது நீலகிரியிலும் தருமபுரியிலும்தான்.

இப்போது அந்தக் காரணம். 1994இல் நான் வேலை பார்த்த பள்ளிக்கு அதிகாரி வருகை. 'நம் ஊர் உணவுகள்' என்று மேசை போட்டோம். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தூக்குவாளியில் களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தாள். விடியற்காலையில் அவள் பாட்டி கிண்டியது. நான் வாங்கி மேசைக்கு அடியில் வைத்துவிட்டேன். மேலே இட்லி, கேசரி, வடை. அதிகாரி போனபிறகு அவள் ஒன்றும் கேட்காமல் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள். அன்று நான் மதியம் சாப்பிட்டதும் வீட்டிலிருந்து கட்டி வந்த களிதான், கதவைச் சாத்திக்கொண்டு.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த வருஷத்து நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இதைப் படித்தால் யாரென்று தெரிந்துகொள்வீர்கள். அவளிடம் காட்டுங்கள், டீச்சர் வீட்டுக்கு வரச் சொன்னார் என்று சொல்லுங்கள்.

தம்பி, சனிக்கிழமை அந்தப் பெண்ணை நம் வீட்டுக்கே கூட்டி வா. வியாழக்கிழமையே சொல்லிவிடு, மாவு அரைக்க வேண்டும். கிண்டுவதற்கு நீயும் சீக்கிரம் வர வேண்டும், எனக்கு இப்போது தோள் தாங்குவதில்லை.