திருப்பி அனுப்பப்பட்ட ஆய்வேடு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். இப்போது பொருளாதாரத்தில் பிஎச்.டி. செய்கிறாள், நான்காவது வருடம். செங்கல் சூளைத் தொழிலாளர்கள் வாங்கும் முன்பணம் பற்றி ஆய்வு. அவளுடைய அப்பா அம்மாவே சூளையில் கல் அறுத்தவர்கள்தான்.

"சார், நாலாவது சாப்டரை கைடு அப்படியே திருப்பிக் கொடுத்துட்டார். முடிவை மாத்தி எழுதிட்டு வான்னு சொல்றார். எனக்கு இது வேண்டாம் சார், விட்டுடறேன்" என்று அழுதாள்.

நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். ஆய்வேடு என்பது கறுப்பு அட்டை போட்ட தடிப் புத்தகம் என்பதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்? "ரெண்டு நாள் பொறும்மா, கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு அலமாரியிலிருந்து அம்பேத்கர் தொகுதிகளை எடுத்து உட்கார்ந்தேன். ஓய்வுபெற்ற பணத்தில் முதலில் வாங்கியவை அவைதான்.

வாட்ஸ்அப்பில் அம்பேத்கர் வாங்கிய பட்டங்களின் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போகிறது. அவர் ஒரு பட்டத்துக்குப் பட்ட பாட்டை யாரும் பகிர்வதில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருடம். படித்து முடித்ததும் பரோடா சமஸ்தானத்தில் பத்து வருடம் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தம். பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள், வரலாற்றில் 11 பாடங்கள் எடுத்துப் படித்திருக்கிறார். அங்கே அவருடைய ஆசிரியர் எட்வின் செலிக்மன், பொது நிதி, வரி பற்றிய பெரிய அறிஞர். அவரிடம் இந்தியாவின் நிதி பற்றி ஆராய்ந்துகொண்டே, 1916 அக்டோபரில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலும் சேர்ந்தார். அங்கே நெறியாளர் எட்வின் கானன். இரண்டு பேரும் எட்வின்தான்!

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. 1917இல் உதவித்தொகை முடிந்துவிட்டது, நீட்டிக்க முடியாது, ஊருக்குத் திரும்பு என்று பரோடாவிலிருந்து உத்தரவு வந்தது. நான்கு வருடத்துக்குள் திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரலாம் என்று லண்டனில் அனுமதி வாங்கிக்கொண்டு புறப்பட்டார். அது முதல் உலகப் போர் நடந்த நேரம். அவர் ஒரு கப்பலில் வர, புத்தகங்களும் கையெழுத்துப் பிரதியும் இருந்த பெட்டிகள் வேறு கப்பலில் வந்தன. அந்தக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்துவிட்டது. வருடக்கணக்கில் எழுதிய ஆய்வு கடலுக்கு அடியில் போய்விட்டது. இன்றைக்குப் பென் டிரைவ் தொலைந்தாலே நமக்குச் சோறு இறங்குவதில்லை.

பரோடாவில் நடந்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். அமெரிக்காவில் படித்து வந்த அதிகாரிக்கு ஊரில் தங்க ஒரு இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்து தங்கினார். பதினோராவது நாள் காலையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. அன்றைக்கே வெளியேற வேண்டியதாயிற்று. ரயில் வரும் வரைக்கும் பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். இதற்குப் பிறகும் ஒரு மனிதருக்கு ரூபாயின் செலாவணி மதிப்பைப் பற்றி யோசிக்க மனம் வந்ததே என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். வீட்டுக்குக் கொடுத்தது போக மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். நவல் பத்தேனா என்ற பார்சி நண்பர் கடன் கொடுத்தார். (தடி எடுத்து வந்ததும் பார்சிகள், கடன் கொடுத்ததும் பார்சி. ஒரு சமூகத்தை ஒரே மூச்சில் எடை போடாதே என்று வகுப்பில் சொல்ல எனக்கு இது உதவியிருக்கிறது.) பம்பாயில் ரமாபாய் அம்மையார் வறுமையோடு குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள, 1920இல் மறுபடி லண்டன் போனார்.

காலையில் பிரிட்டிஷ் மியூசியம் நூலகம் திறக்கும்போது உள்ளே போனால், மூடும்போதுதான் வெளியே வருவார். மதியச் சாப்பாடு கிடையாது. இரவு பசி எடுத்தால் ஊர்க்காரர் ஒருவர் கொடுத்திருந்த அப்பளத்தில் நாலைந்தைப் பொரித்துத் தின்பாராம். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்சய் கீர் சொல்வது இது. 1921இல் எம்.எஸ்சி. முடிந்தது. 1922இல் செலிக்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார்: பழைய கையெழுத்துப் பிரதி கப்பலோடு போய்விட்டது, புதிதாக வேறு ஒன்று எழுதிவிட்டேன் என்று. லண்டன் டி.எஸ்சி. பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடுதான் பின்னால் 'ரூபாயின் பிரச்சினை' என்ற பெயரில் வந்த புத்தகம்.

அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். 1893 வரைக்கும் யார் வேண்டுமானாலும் வெள்ளியை அரசு நாணயச் சாலைக்குக் கொண்டுபோய் ரூபாயாக அடித்து வாங்கலாம். உலகச் சந்தையில் வெள்ளி விலை விழுந்துகொண்டே வந்ததால், 1893இல் மக்களுக்கு அந்தக் கதவைச் சாத்தினார்கள். அரசு மட்டும் அடிக்கலாம். ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் நாலு பென்ஸ், அதாவது ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்று கட்டி வைத்தார்கள். இந்த ஏற்பாடு நல்லது என்று 1913இல் புத்தகமே எழுதினார் ஒருவர். சாதாரண ஆள் இல்லை, ஜான் மேனார்ட் கெய்ன்ஸ்.

அம்பேத்கர் எதிர்ப்பக்கம் நின்றார். பவுனுக்கு இத்தனை ரூபாய் என்று நிலையாக இருந்தால் போதுமா? அதே ரூபாய்க்குக் கடையில் எவ்வளவு தானியம், எவ்வளவு துணி கிடைக்கிறது என்பதல்லவா கேள்வி? எவ்வளவு நாணயம் வெளியிடுவது என்பது அரசின் விருப்பத்தில் இருந்தால் விலை ஏறும், கூலிக்காரன் வயிற்றில்தான் அடி விழும். மக்களுக்குச் சாத்திய கதவை அரசுக்கும் சாத்து, வெளியிடுவதற்கு உச்சவரம்பு வை என்றார். பிரிட்டிஷ் ஆட்சியின் நாணயக் கொள்கையை, பிரிட்டிஷ் தலைநகரிலேயே உட்கார்ந்து, பிரிட்டிஷ்காரர்களிடமே பட்டம் கேட்டுக்கொண்டு எழுதினார்.

1922 அக்டோபரில் சமர்ப்பித்தார். 1923 மார்ச்சில் தேர்வாளர்கள் திருப்பிவிட்டார்கள். மாற்றி எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஆட்சியைப் பற்றி அவர் எழுதியிருந்த விதம் அவர்களை உறுத்தியது என்கிறார் கீர். அப்போது அவர் கையில் காசு இல்லை. லண்டனில் தங்கித் திருத்தவும் வழியில்லாமல் கப்பல் ஏறி பம்பாய் வந்து, வக்கீல் தொழிலைத் தொடங்கும் தவிப்புக்கு நடுவில் உட்கார்ந்து திருத்தினார். 1923 ஆகஸ்டில் அங்கிருந்தே அனுப்பினார். சொன்ன விதத்தை மாற்றினார், முடிவை மாற்றவில்லை. நவம்பரில் டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது, டிசம்பரில் புத்தகமும் வந்துவிட்டது. தன் படிப்புக்காகத் தியாகம் செய்த அப்பா அம்மாவின் நினைவுக்கு அதைக் காணிக்கை ஆக்கியிருக்கிறார்.

கொலம்பியா பிஎச்.டி. கதை தனி. ஆய்வேட்டை அச்சிட்டு, இத்தனை பிரதி என்று பல்கலைக்கழகத்தில் கொடுத்தால்தான் பட்டம் என்பது அங்கே விதி. மாகாண நிதி பற்றிய அந்தப் புத்தகம் 1925இல்தான் அச்சானது, செலிக்மன் முன்னுரையோடு. பட்டம் வந்தது 1927இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், நியூயார்க்கில் கால் வைத்து 14 வருடம்.

இப்போது நான் சொல்ல வந்த இடம். 'ரூபாயின் பிரச்சினை'க்கு முன்னுரை எழுதியவர் கானன். பொதுவாக மாணவர் புத்தகத்துக்கு முன்னுரை என்றால் எப்படி இருக்கும்? கானன் அப்படி எழுதவில்லை. இந்த ஏற்பாட்டின் மேல் அம்பேத்கருக்கு இருக்கும் பகை எனக்கு இல்லை, அவருடைய வாதங்களில் பெரும்பாலானவற்றை நான் ஏற்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறார். ஆனாலும் தவறு என்று தனக்குப் பட்ட இடத்தில்கூட அவர் பார்வை புதிதாக இருந்தது, சிந்திக்க வைத்தது என்கிறார். வயதான வாத்தியார் இப்படிப்பட்ட சுயபுத்தியைச் சகித்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறார் என்ற பொருளில் ஒரு வரியும் இருக்கிறது. அம்பேத்கரும் தன் முகவுரையில், கானனின் கடுமையான சோதனையால் பல பிழைகளிலிருந்து தப்பித்தேன் என்று நன்றி சொல்கிறார்.

இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை. இரண்டு பேரும் மறைக்கவும் இல்லை.

அந்த முன்னுரையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பையன், வகுத்தல் கணக்கை நான் சொல்லிக்கொடுத்த மாதிரி செய்யாமல் கழித்துக் கழித்தே விடை கொண்டுவந்தான். விடை சரி. நான் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு, "சொல்லிக்கொடுத்தபடி செய்" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு அவன் கரும்பலகைப் பக்கமே வரவில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கைச் சகிக்கத் தெரியாத நான், அந்தப் பெண்ணின் கைடைத் திட்ட வாய் திறந்திருந்தேனே என்று இருந்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தால்தான் ரிசர்வ் வங்கியே வந்தது என்று ஒரு செய்தி சுற்றுகிறது. 1925இல் ஹில்டன் யங் கமிஷன் முன்னால் அம்பேத்கர் சாட்சியம் அளித்தது உண்மை. வங்கி 1935 ஏப்ரல் 1 அன்று தொடங்கியதும் உண்மை. ஆனால் அதற்குப் பின்னால் பலருடைய யோசனைகள் இருந்தன. 1913இலேயே கெய்ன்ஸும் ஒரு மத்திய வங்கித் திட்டம் எழுதியிருக்கிறார். அம்பேத்கருக்குப் பெருமை சேர்க்க மிகைப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை.

நேற்று இரவு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். கதையை முழுதும் கேட்டாள். கடைசியில், "சார், கைடு சொல்றது எல்லாமே தப்பு இல்ல. ரெண்டு டேபிள்ல கணக்கு சரியா இல்லைதான். ஆனா முடிவு தப்பு இல்ல சார், நான் நூத்தி சொச்சம் வீட்டுக்குப் போய்க் கேட்டது" என்றாள்.

"அப்போ டேபிளைச் சரி பண்ணு. ஞாயித்துக்கிழமை அந்த சாப்டரை எடுத்துட்டு வா. எனக்கு உன் பொருளாதாரமும் புரியாது, அந்த இங்கிலீஷும் புரியாது. தமிழ்ல எனக்குச் சொல்லிக் காட்டு" என்றேன்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அப்பளம் வாங்கி வைக்க வேண்டும்.