இரங்கூனில் பறிபோனதும் இங்கே பாழானதும்

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டுக்கு அருகே வசிக்கும் பெரியவர் ஒருவரை அண்மையில் சென்று கண்டோம். எழுபதைத் தொட்டவர், ஒன்பது வயதில் இரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தவர். அவருடைய பேரனுக்கு ஓதிக்கொடுத்த உரிமை நமக்குண்டு. பேச்சினிடையே பரணிலிருந்து ஒரு பழைய பேரேட்டை இறக்கச் செய்து நம் கையில் கொடுத்தார். வட்ட வட்டமான பர்மிய எழுத்து. ஓரங்களில் தமிழில் சிறு குறிப்புகள். ஒரே ஒரு பக்கம் மட்டும் அரபுத்தமிழ். அந்தப் பக்கம் நமக்கு விளங்கிற்று. கடன் வாங்கியோரின் பெயர்வரிசை அது.

"அத்தா எழுதியது, ஹஜ்ரத். மீதியைப் படிக்க எங்கள் வீட்டில் ஆளில்லை" என்றார்.

அந்த அத்தாவைப் போன்றோர் ஏன் கடல் கடந்தனர்? ஊரில் மழை பொய்த்ததும் கடன் கழுத்தை நெரித்ததுமே பெரும்பாலோர்க்குக் காரணம். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐராவதி ஆற்றுப் படுகையின் அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை பெருகிற்று. நெல் அறுக்கவும் ஆலையில் அரைக்கவும் மூட்டை ஏற்றவும் ஆட்கள் தேவைப்பட்டனர். மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்துச் சென்னை மாகாணத்து ஊர்களில் ஆள் திரட்டினர். கூலிகளையடுத்துக் கணக்கர்களும் கடைக்காரர்களும் ஆசிரியர்களும் போயினர். நம் சபுராளிகளும் ஜவுளி, இரும்புச் சாமான், பலசரக்கு எனக் கடை விரித்தனர். 1937 ஏப்ரல் முதல் நாள் வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதியாகவே ஆளப்பட்டதால், அயல்நாடு போகிறோம் என்ற எண்ணமும் அவர்களுக்கு இருந்ததில்லை. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இரங்கூனின் மக்கள்தொகை ஏறத்தாழ 4 லட்சம். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்.

இதில் நம்மவர் தரப்புக் குறையையும் மறைத்தல் தகாது. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனைத் திருப்ப இயலாத பர்மிய உழவர்களின் நிலங்கள் வட்டிக்கடைகளின் கைக்குப் போயின. கீழ்ப்பர்மாவின் நெல்நிலத்தில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு செட்டியார்களிடம் சேர்ந்தது. சொந்த மண்ணில் நிலமிழந்தவன் வயிறு எரியத்தானே செய்யும்! 1930 மே மாதத்தில் துறைமுகக் கூலிவேலை யாருக்கு என்ற தகராறே இரத்தக்களரியாயிற்று. 1938 ஜூலையில் ஒரு நூலைக் காரணங்காட்டி முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். பள்ளிவாசல்களும் கடைகளும் எரிந்தன. நூல் வெறும் தீக்குச்சிதான். விறகு முன்னமே அடுக்கப்பட்டிருந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானியக் குண்டுகள் இரங்கூன்மீது விழுந்தன. அதன்பின் இலட்சக்கணக்கானோர் காட்டுவழியே கால்நடையாக இந்தியாவுக்கு ஓடிவந்தனர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர்.

போர் ஓய்ந்ததும் பலர் திரும்பிப் போனார்கள் என்பது வியப்பாகத் தோன்றலாம். இங்கே அவர்களுக்கு என்ன இருந்தது? ஆனால் 1948இல் விடுதலை பெற்ற பர்மாவில் உள்நாட்டுப் போர் மூண்டது. சிற்றூர்களில் கொள்ளையும், பணத்துக்காக ஆள் கடத்தலும் மலிந்தன. விடுதலைக்கு முந்திய ஆண்டிலேயே, 1947 ஜூலை 19 அன்று, ஆங் சான் அவர்களோடு அமைச்சர் அப்துல் ரஸாக்கும் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவர் மாந்தளையில் தலைமையாசிரியராக இருந்தவர் என்பதை ஆசிரியத் தொழிலிலுள்ள நாம் நினையாதிருக்க முடியவில்லை.

1962 மார்ச் 2 அன்று நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963இல் வங்கிகளும், 1964 மார்ச்சில் கடைகளும் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே 17 அன்று 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாதவையாயின. பெரியவரின் அத்தா அரிசிக் கடையொன்றின் கணக்கப்பிள்ளை, முதலாளியல்லர். கடைக்குப் பூட்டு விழுந்த நாளில் அவருடைய பிழைப்புக்கும் பூட்டு விழுந்தது. கப்பலேறும் முன் நடந்த சோதனையில் நகை போயிற்று. காகிதம் என்று கருதிப் பேரேட்டை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இப்னு கல்தூன் (1332–1406) தம் முகத்திமாவில், மக்களின் உடைமைமீது கைவைக்கும் அரசு அவர்களுடைய உழைக்கும் ஊக்கத்தையே அறுத்துவிடுகிறது. அதனால் நகரங்கள் பாழாகின்றன என்று நிறுவுகிறார். அவருடைய முன்னோர் செவில் நகரின் வீழ்ச்சிக்குச் சற்று முன் அங்கிருந்து துனிசுக்குக் குடிபெயர்ந்தவர்கள். ஆகவே இது அவருக்கு ஏட்டறிவு மட்டுமன்று. போருக்குமுன் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்த பர்மா, 1960களின் இறுதியில் 10 லட்சத்தையும் எட்டவில்லை. 1987இல் ஐ.நா. சபை அதனை மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது.

பர்மா இழந்த அறிவை நாம் பெற்றுக்கொண்டோமா? தமிழகத்துக்கு வந்தவர் சுமார் 1,44,000 பேர். எண்ணூரில் பர்மா நகர் எழுந்தது. வியாசர்பாடியில் குடியிருப்புகள் எழுந்தன. 1969இல் கடற்கரை இரயில் நிலையத்தையொட்டிப் பர்மா பஜார் உருவாயிற்று. கடனுதவியும் வீடும் சிலருக்குக் கிடைத்தன, குறை சொல்வதற்கில்லை. ஆனால் உமக்கு என்ன தெரியும் என்று கேட்டவர் எத்தனை பேர்? மும்மொழியில் கணக்கெழுதிய அந்த மனிதர் இராயபுரத்துக் கிடங்கொன்றில் எழுத்து வேலை கேட்டார். இங்கத்திய சான்றிதழ் இல்லையென்று மறுத்துவிட்டார்கள். கடைசிவரை மூட்டை சுமந்தார். சிலர் மனம் பொறாமல் மீண்டும் பர்மாவுக்கே நடக்கப் புறப்பட்டு, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டனர். இன்றும் அங்கே தமிழர் உளர். அறிவாளர் வெளியேற்றம் என்று நாம் பேசுகையில் புறப்பட்ட துறைமுகத்தையே பார்க்கிறோம். இறங்கிய துறைமுகத்திலும் அறிவு கடலில் கொட்டப்படுகிறது. அவர்கள் கொணர்ந்தவற்றுள் வடசென்னைத் தெருக்கள் தயங்காமல் ஏற்றது அத்தோ ஒன்றைத்தான்!

பேரேட்டை இரவல் பெற்று எண்ணூர் பர்மா நகருக்குக் கொண்டுபோனோம். எண்பது கடந்த அம்மையார் ஒருவர், இரங்கூனில் பள்ளிக்கூடம் போனவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் வாசித்தார். நெல்லின் விலை, படகுக் கூலி, நடுவே, மகனுக்குக் காய்ச்சல், மருந்துக்கு இவ்வளவு என்று ஒரு வரி. அந்த மகன்தான் நம் பெரியவர். கண் வலிக்கிறது, வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வாருங்கள் என்றார் அம்மையார். பெரியவரையும் அழைத்துக்கொண்டு போகவிருக்கிறோம்.